பிரம்பும் இடுக்கமான வாயிலும்

(பொதுக்காலம் 21ஆம் ஞாயிறு: வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய இரண்டாம் வாசகம் எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமடலின் 12ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஒரு தந்தை தம் பிள்ளையைக் கண்டித்துத் திருத்துவதைப் போல, ஆண்டவரும் தாம் அன்பு செய்கிறவர்களைக் கண்டித்துத் திருத்துகிறார் என்பது அதன் சாரம். இதைக் கேட்கும்போது நம்மில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களின் மனம் எங்கே போகிறது? பெரும்பாலும் பழைய பள்ளிக்கூடத்துக்குத்தான்.

மேசை மேல் கிடந்த பிரம்பு நினைவுக்கு வருகிறது. பிரம்பு ஒடிந்த நாளில் வெளியே போய்ப் புளியம் விளாறு ஒடித்து வந்தவனும் நம் வகுப்புப் பையன்தான். மர ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் வாங்கிய அடி, பெஞ்சு மேல் ஏறி நின்ற பிற்பகல், மணலில் முழங்கால் போட்டு நின்ற வெயில், தலையில் விழுந்த குட்டு, காதுத் திருகல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. நம் தாத்தாக்களின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ‘கோதண்டம்’ என்று ஒரு தண்டனை இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றில் பையனைத் தொங்கவிடுவார்கள். அடித்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளையைக் கையில் பிடித்து அழைத்துவந்து, “கண் ரெண்டையும் விட்டுட்டு மிச்சத் தோலை உரிச்சுடுங்க சார்” என்று ஒப்படைத்துச் சென்றவர்கள் பெற்றோர்களே.

இப்போது பழைய மாணவர் சந்திப்புகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. அங்கே இந்தக் கதைகளைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி, “அன்னைக்கு நீங்க அடிச்ச அடிதான் சார் எங்களை ஆளாக்குச்சு” என்கிறோம். அவர் கண் கலங்குகிறார். அந்த நன்றியைக் கொச்சைப்படுத்த வேண்டியதில்லை. மாலையில் வீட்டுக்கு வரவழைத்துக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் அவர்கள். தேர்வுக் கட்டணத்தைத் தங்கள் சட்டைப் பையிலிருந்து கட்டியவர்கள். மதிய வேளையில் பசித்த பிள்ளையை அடையாளம் கண்டு சோறு போட்டவர்கள். நம்மை ஆளாக்கியது எது? அந்தச் சோறா, அந்தக் கணக்கா, அல்லது பிரம்பா? நன்றி ஆசிரியருக்கு உரியது. அதைப் பிரம்புக்குக் கொடுத்துவிடுகிறோமோ என்று நின்று யோசிக்க வேண்டும்.

அந்தச் சந்திப்பு மண்டபத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அங்கே வந்து சிரிப்பவர்கள் எல்லாரும் படித்து முடித்தவர்கள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் அடி வாங்கிப் பையை எடுத்துக்கொண்டு போனவன், பிறகு திரும்பி வராதவன், அந்த மண்டபத்தில் இல்லை. அவனுக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை. ‘அடித்ததால் உருப்பட்டேன்’ என்று சொல்ல உருப்பட்டவர்கள் மட்டுமே மேடையேறுகிறார்கள். அடித்ததால் நின்றுபோனவனின் சாட்சியத்தைக் கேட்க நமக்கு மேடையே இல்லை.

யாருக்கு அதிக அடி விழுந்தது என்பதையும் நினைத்துப் பார்ப்போம். கடற்கரை ஊர்களில் விடியுமுன் அப்பாவோடு கரைவலை இழுத்துவிட்டுத் தாமதமாக ஓடிவந்த பையனுக்கு. வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றி, தம்பிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்த பிள்ளைக்கு. நோட்டு வாங்கக் காசில்லாதவனுக்கு. பாடம் ஏறாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு. அந்த அடிகளில் பல, பிள்ளையின் குற்றத்துக்கு விழுந்தவை அல்ல, வீட்டின் வறுமைக்கு விழுந்தவை.

இன்றைய நற்செய்தியை இந்த இடத்தில் திறந்து வைப்போம். லூக்கா 13ஆம் பிரிவில் இயேசு இடுக்கமான வாயிலைப் பற்றிப் பேசுகிறார். கதவு அடைக்கப்பட்டபின் வெளியே நிற்கிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, அவர் தங்கள் தெருக்களில் கற்பித்தார் என்பது. போதகரை நன்றாகத் தெரியும் என்பதே அவர்களுடைய தகுதிச் சான்று. ஆனால் அது செல்லவில்லை. கடைசியில் இருப்பவர்கள் முதலாவார்கள், முதலில் இருப்பவர்கள் கடைசியாவார்கள் என்று அந்தப் பகுதி முடிகிறது. ஆண்டவர் வகுப்பறைக்குள் நுழைந்தால் முதலில் எந்தப் பெஞ்சைப் பார்ப்பார் என்பதில் ஐயமில்லை.

சிலர் கேட்கக்கூடும்: “சாமி, விவிலியமே பிரம்பை எடுக்கச் சொல்கிறதே?” நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நீதிமொழிகள் நூல் பிரம்பைப் பற்றிப் பலமுறை பேசுகிறது. 13ஆம் அதிகாரத்திலும் 23ஆம் அதிகாரத்திலும் அதை வாசிக்கிறோம். அக்காலத்துச் சமூகத்தில் பிள்ளை வளர்ப்பு அப்படித்தான் இருந்தது. நீதிமொழிகள் 13இல் பிரம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘ஷேபெத்’. திருப்பாடல் 23இல் ஆயரின் கையில் இருப்பதும் அதே ‘ஷேபெத்’. அங்கே அந்தக் கோல் ஆட்டுக்கு அச்சம் தரவில்லை, இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் தேற்றரவு தருகிறது. கோல் ஒன்றுதான். அது யாருக்கு எதிராக ஓங்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எபிரேயர் திருமடலும் கடுமையான சொற்களைத் தயங்காமல் பயன்படுத்துகிறது. ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? நம்பிக்கையின் பொருட்டு ஏற்கெனவே துன்புற்றுச் சோர்ந்துபோன மக்களுக்கு. ‘உங்கள் துன்பத்தில் கடவுள் உங்களைக் கைவிட்டுவிடவில்லை, பிள்ளைகளாகவே நடத்துகிறார்’ என்று ஆறுதல் சொல்லும் மடல் அது. அடிபட்டவர்களைத் தேற்ற எழுதியதை, அடிப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டாக மாற்றிவிடக் கூடாது. அதே பிரிவின் தொடக்கத்தில் சிலுவையைச் சுமந்த இயேசுவின்மீது கண்களைப் பதிக்குமாறு ஆசிரியர் கேட்டுக்கொள்கிறார். நம் கடவுள் சாட்டையைக் கையில் ஏந்தி நிற்கும் கடவுள் அல்லர். பிலாத்துவின் முற்றத்தில் சாட்டையடியை முதுகில் வாங்கியவர்.

மடலின் கிரேக்க மூலத்தில் ‘கண்டித்துத் திருத்துதல்’ என்று நாம் வாசிக்கும் சொல் ‘பைதெயா’. குழந்தை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. குழந்தையை வளர்த்தெடுத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். பாடம் சொல்வதும், பழக்குவதும், தவறைத் திருத்துவதும் அதற்குள் அடக்கம். தந்தையின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லாதிருந்த அந்த உரோமை உலகில், பிள்ளைகளை எரிச்சலூட்டாதீர்கள் என்று எபேசியர் மடலும், அவர்கள் மனந்தளர்ந்து போவார்கள் என்று கொலோசையர் மடலும் தந்தையரை எச்சரிக்கின்றன. பிள்ளையின் மனம் தளரக்கூடும் என்று ஒரு தந்தையிடம் சொல்வதே அன்றைக்குப் புதுமை.

சகோதர சகோதரிகளே, வருகிற 28ஆம் தேதி புனித அகுஸ்தினாரின் திருநாள். முந்தைய நாள் அவருடைய தாய் மோனிக்காவின் திருநாள். அகுஸ்தினார் தம் நாற்பதுகளில், ஹிப்போ நகரின் ஆயராக இருந்தபோது, தம் வாழ்க்கையை ‘ஒப்புதல்கள்’ என்ற நூலாக எழுதினார். அதன் முதல் பகுதியிலேயே பள்ளிக்கூட அடி வந்துவிடுகிறது. சிறுவனான அவர் கடவுளிடம் முதன்முதலில் உருகிக் கேட்ட வேண்டுதல்களில் ஒன்று, ‘பள்ளியில் எனக்கு அடி விழக்கூடாது’ என்பது. வேண்டுதல் கேட்கப்படவில்லை. அதைவிட வேதனையான ஒன்றை அவர் பதிவு செய்கிறார். அவர்மேல் எந்தக் கெடுதலும் நினைக்காத பெரியவர்கள், பெற்றோர் உட்பட, அந்தத் தழும்புகளைப் பார்த்துச் சிரித்தார்கள். பெற்றோர் என்றால் மோனிக்காவும் அதில் அடக்கம். மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுத புனித மோனிக்கா!

பந்து விளையாடியதற்காகச் சிறுவன் அகுஸ்தினார் அடி வாங்கினார். அடித்த ஆசிரியரோ, சக ஆசிரியரிடம் சின்ன வாதத்தில் தோற்றுவிட்டால், பந்தாட்டத்தில் தோற்ற சிறுவனைவிட அதிகமாகப் பொறாமையில் வெந்துபோவார் என்று அந்த மேதை எழுதுகிறார். தாய்மொழிபோல் வந்த இலத்தீனைச் செவிலியரின் கொஞ்சலுக்கும் சிரிப்புக்கும் நடுவே அச்சமின்றிக் கற்றார். கிரேக்கம் மிரட்டலோடும் தண்டனையோடும் வந்தது. அதை அவர் வெறுத்தார். கற்பதற்கு அச்சத்தைவிடத் தடையற்ற ஆர்வமே அதிக ஆற்றல் உடையது என்பது அவர் கண்ட முடிவு. கட்டாயத்தால் தமக்கு நன்மை விளைந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தும், சிறுவயதில் விழுந்த அடியை மறக்க முடியாமல் கடவுளிடம் முறையிடுகிறார் என்றால், நம் வீட்டுப் பிள்ளை மறந்துவிடும் என்று எப்படி எண்ணுவது?

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சின் நார்மண்டியில் நடந்தது இது. பெக் என்னும் ஊரின் துறவு மடத்தில் புனித அன்செல்ம் இருந்தார். அவரைப் பார்க்க வந்த மற்றொரு மடத்தின் தலைவர், தம் மடத்தில் வளரும் சிறுவர்களைப் பற்றி அங்கலாய்த்தார். இரவும் பகலும் அடிக்கிறோம், ஆனாலும் மேலும் மோசமாகிறார்கள் என்றார். வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று அன்செல்ம் கேட்டார். மந்தமாக, விலங்கைப் போல இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அன்செல்ம் ஒரு மரக்கன்றை உவமை சொன்னார். தோட்டத்தில் ஒரு கன்றை நட்டு, கிளை விட இடமே இல்லாமல் நாலாபுறமும் அடைத்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் எப்படிப்பட்ட மரம் இருக்கும்? கோணலாகப் பின்னிக்கிடக்கும். குற்றம் யாருடையது, மரத்துடையதா? பிறகு பொற்கொல்லரைக் காட்டினார். தகட்டில் அழகிய உருவம் கொண்டுவருகிறவர் அடித்துக்கொண்டே இருப்பாரா? மெல்ல அழுத்துவார், மெல்ல உயர்த்துவார், பார்த்துப் பார்த்து வடிவம் கொடுப்பார். வந்த மடத்தலைவர் அன்செல்மின் காலில் விழுந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய எத்மர் குறிப்பிடுகிறார்.

இன்னும் நம் காலத்துக்கு நெருங்கி வருவோம். புனித தொன் போஸ்கோவின் சபையினர் 1906ஆம் ஆண்டு நம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். தமிழ் மண்ணுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஒன்பது வயதில் அவர் கண்ட கனவும் நமக்குத் தெரிந்ததே. கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிட்ட சிறுவர்கள்மேல் பாய்ந்து குத்துகிறான் சின்ன ஜான். ஒளிமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, கனிவாலும் அன்பாலும் இவர்களை நண்பர்களாக்கிக்கொள் என்று பணிக்கிறார். 1877இல் அவர் எழுதிய தடுப்பு முறைக் கல்வி பற்றிய சிறு ஏட்டில், பிள்ளைகளை எவ்வகையிலும் அடிப்பது, வலிக்கும்படி முழங்காலில் நிறுத்துவது, காதைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றை அறவே தவிர்க்கச் சொல்கிறார். அவை பிள்ளைகளை எரிச்சலூட்டும், கல்வி தருபவரைத் தாழ்த்தும் என்கிறார். நம் ஊர்ப் பள்ளிகளின் பட்டியலைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது, இல்லையா? கண்டிக்க வேண்டியிருந்தால், மிக அரிதான நிலையில் தவிர, பிறர் முன்னிலையில் வேண்டாம், தனியாக அழைத்துக் கண்டியுங்கள் என்பதும் அவருடைய அறிவுரை.

ஆகவே, ‘அடிக்காதே’ என்பது நேற்று வந்த வெளிநாட்டு நாகரிகம் அல்ல. அது நம் புனிதர்களின் வழி. அரசின் சட்டம் பின்னால் வந்துசேர்ந்தது. தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகள் திருத்தப்பட்டு, மாணவருக்கு உடல் வலியோ மன வலியோ தரும் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் நாடு முழுவதும் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாக உரிமைகளைக் காக்கும் தீர்ப்பு அது. அதைப் பிரம்புக்குக் கிடைத்த விதிவிலக்காக எந்தக் கத்தோலிக்கப் பள்ளியும் நினைத்துவிடக் கூடாது. மற்றப் பள்ளிப் பிள்ளையின் முதுகில் வலிப்பது, நம் பள்ளிப் பிள்ளையின் முதுகிலும் வலிக்கும். சட்டம் எட்டாத இடத்திலும் நற்செய்தி எட்டவேண்டும்.

இங்கே ஆசிரியர்களின் வேதனையையும் கேட்காமல் போனால் அது நீதியாகாது. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். கையில் அலைபேசி, மனத்தில் ஆயிரம் குழப்பம். ஒரு சொல் உரத்துச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள், சொல்லாவிட்டால் மதிப்பெண் எங்கே என்று நிர்வாகம் கேட்கிறது. “பிரம்பை வாங்கிக்கொண்டீர்கள், பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று அவர்கள் கேட்பது நியாயமே. பங்கு, பள்ளி நிர்வாகம், பெற்றோர் ஆகிய மூவரும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, மனநல ஆலோசகரை நியமிப்பது, அடிக்கடி வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் ஒதுக்குவது ஆகியவை நிர்வாகத்தின் வேலை. ஆசிரியரைத் தெருவில் வைத்துத் திட்டாமல், அறையில் உட்கார்ந்து பேசுவது பெற்றோரின் வேலை. கண்டிப்பே இல்லாத வகுப்பையும் நற்செய்தி கேட்கவில்லை. ஒழுங்கும், நேரமும், செய்த தவறுக்கு ஈடு செய்வதும் பிள்ளைக்குத் தேவை. உடைத்ததைச் சரிசெய்ய வைக்கலாம், புண்படுத்திய நண்பனிடம் மன்னிப்புக் கேட்க வைக்கலாம். இதுவும் இடுக்கமான வாயில்தான். அடித்துவிட்டுப் போவது ஒரு நிமிட வேலை. கூடவே இருந்து திருத்துவது ஓராண்டு வேலை.

பெற்றோரே, பிரம்பு பள்ளியை விட்டுப் போனபின் அது நம் நாக்கில் குடியேறிவிட்டதா என்று பார்த்துக்கொள்வோம். “எதிர் வீட்டுப் பிள்ளையைப் பார்”, “நீ எதுக்கும் லாயக்கில்லை” என்னும் சொற்களுக்குத் தழும்பு தெரிவதில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் இதே கவனம் வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி தடுமாறியதற்காக அடி வாங்கிய பிள்ளைக்கு, தந்தையாகிய கடவுள் என்ற சொல் என்ன பொருள் தரும்? இந்த வாரம் ஒரு பிள்ளை பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தால், “என்ன தப்புப் பண்ணினே?” என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். “என்னம்மா ஆச்சு?” என்பது முதல் கேள்வியாகட்டும். அகுஸ்தினாரின் வீட்டில் எழுந்த அந்தச் சிரிப்பு நம் வீட்டில் எழாமல் இருக்கட்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிலர் இந்நேரம் மௌனமாகி இருப்பீர்கள். எல்லாரும் சிரிக்கும் கதையில் உங்களால் சிரிக்க முடியாமல் போயிருக்கும். உங்கள் நினைவு பொய்யல்ல, அது பலவீனமும் அல்ல. ஒரு புனிதர் அதைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறார். நீங்களும் சொல்லலாம். அடித்தவர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மன்னிக்கும் வரம் மெல்ல வரட்டும். அதற்காக உங்களை நீங்களே அவசரப்படுத்த வேண்டாம்.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் வருகிறது. நம்மை வளர்த்த ஆசிரியர்களைத் தேடிப்போய் வணங்குவோம். அதோடு, நம் வகுப்பில் பாதியில் நின்றுபோன அந்த ஒருவரையும் தேடிப்போவோம். எங்கேயோ கடை வைத்திருப்பார், கட்டட வேலை செய்துகொண்டிருப்பார், வலை பின்னிக்கொண்டிருப்பார். அடுத்த சந்திப்புக்கு முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.

இன்றைய இரண்டாம் வாசகம் எங்கே முடிகிறது என்று கவனித்தீர்களா? தளர்ந்த கைகளைப் பற்றியும் நடுங்கும் முழங்கால்களைப் பற்றியும் பேசி முடிகிறது. அவற்றுக்கு வலிமையூட்டுங்கள், கால் ஊனமுற்றவர் மேலும் தடுமாறாமல் நலம்பெறும்படி பாதையை நேராக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. பிரம்படி வாங்கிய கைகளும் மணலில் நின்ற முழங்கால்களும் எவை என்று நமக்குத் தெரியும். திருத்துதலின் நோக்கம் அவற்றை நிமிர்த்துவதே.

மன்றாடுவோம். குழந்தைகளை அணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசி வழங்கிய ஆண்டவரே, கற்பிக்கும் கைகளுக்கு உமது பொறுமையைத் தாரும். வளர்க்கும் இல்லங்களுக்கு உமது கனிவைத் தாரும். அடிபட்ட நினைவோடு வாழ்வோருக்கு உமது ஆறுதலைத் தாரும். கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் உமது விருந்துக்கு முதலில் அழைத்துக்கொள்ளும். ஆமென்.